ட்ஸூக்னா ரயில் மட்டும் இல்ல

ஜெர்மன் கத்துக்க ஆரம்பிச்ச முதல் மாசத்துலயே ட்ஸூக்ங்கற வார்த்தை வந்துரும். ட்ஸூக்னா ரயில், ஆண்பால், அதனால முன்னாடி டெர் போடணும், பன்மை ட்ஸ்யூகெ, அவ்வளவுதான், நோட்டுல எழுதிட்டு அடுத்த வார்த்தைக்குப் போயிருவோம். நானும் அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன். ரொம்ப நாள் கழிச்சு ஒரு கதை படிக்கும்போது ஒரு வரி வந்துச்சு, "எர் லேர்ட்ட டாஸ் கிளாஸ் இன் ஐனெம் ட்ஸூக்". எனக்குத் தெரிஞ்ச அர்த்தத்தை வச்சுப் பாத்தா "அவன் ஒரு ரயில்ல கிளாஸைக் காலி பண்ணான்"னு வருது, ஆனா கதையில ரயிலே கிடையாது, ஆள் வீட்டு அடுப்படியில நிக்கிறான். அகராதியை எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, இங்க ட்ஸூக்னா மடக்கு. ஒரே மடக்குல குடிச்சான், அதான் விஷயம்.

சரி ரெண்டு அர்த்தம் போலன்னு நினைச்சு அந்தப் பக்கத்தைக் கீழ வரைக்கும் படிச்சேன், வந்துகிட்டே இருக்கு. ரயில், மடக்கு, சிகரெட் இழுப்பு, மூச்சு, ஜன்னல் வழியா வர்ற குளிர்காத்து, செஸ்ல ஒரு நகர்வு, முகச்சாயல், ஊர்வலம், பறவைங்க கூட்டமா இடம்பெயர்றது, பட்டாளத்துல ஒரு பிரிவு, துப்பாக்கிக் குழாய்க்குள்ள இருக்கற சுருள் பள்ளம், மீன்வலை இழுப்பு. இதுல ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம்? மனப்பாடம் பண்றதா இருந்தா ரெண்டு நாள்ல மறந்துரும். ஆனா இத்தனைக்கும் வேர் ஒண்ணே ஒண்ணுதான், அதைப் பிடிச்சுட்டா முக்கால்வாசி தானா வந்துரும், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதறேன்.

முதல்ல உச்சரிப்பு, ஏன்னா இங்கயே நிறைய பேர் ஜூக், சுக்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. ஜெர்மன்ல ட்ஸெட் எழுத்து எப்பவுமே ட்ஸ், டிக்கெட்ஸ்ங்கற வார்த்தையோட கடைசி சத்தத்தை எடுத்து முன்னாடி வைங்க, அதான். வார்த்தை கடைசியில எழுதறது ஜி எழுத்து, ஆனா ஜெர்மன்ல வார்த்தை முடியற இடத்துல அந்த எழுத்து க்-னு கடினமாத்தான் ஒலிக்கும், பின்னாடி ஒரு உயிரெழுத்து வந்துட்டா மென்மையாயிரும், அதனால ட்ஸூக்ல வர்றது பாக்குல வர்ற க், பன்மையான ட்ஸ்யூகெல வர்றது தங்கத்துல வர்ற க. நமக்கு இது ஒண்ணும் புதுசில்ல, ஒரே க-வை கடல்ல ஒரு மாதிரி, தங்கத்துல ஒரு மாதிரி சொல்லிட்டுத்தானே இருக்கோம். பன்மையில வர்ற அந்த யூ மட்டும் பழகணும், உதட்டை ஊ சொல்ற மாதிரி குவிச்சு வச்சுக்கிட்டு உள்ள ஈ சொல்லணும்.

இப்ப வேருக்கு வருவோம். ட்ஸீயன்னு ஒரு வினைச்சொல் இருக்கு, அர்த்தம் இழு. அதோட இறந்தகாலம் ட்ஸோக், முடிஞ்ச வடிவம் கெட்ஸோகன். அந்த வினையில இருந்து வந்த பெயர்ச்சொல்தான் ட்ஸூக். அதாவது தமிழ்ல சொன்னா இழுப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய ஜெர்மன்லயே ட்ஸுக்னு இந்த வார்த்தை இருக்கு, அப்ப அதுக்கு ரயில்னு அர்த்தம் இருந்திருக்க முடியாது, இழுக்கறது, அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு பெரிய வசதி இருக்குங்க. இங்கிலீஷ் வழியா கத்துக்கிட்டா ட்ரெயின், டிராஃப்ட், மூவ், பஃப்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வார்த்தை வச்சுக்கணும், ஆனா தமிழ்ல இழுங்கற வார்த்தையை எடுத்துப் பாருங்க. தேர் இழுக்கறோம், மூச்சை இழுக்கறோம், பீடியை ஒரு இழுப்பு இழுக்கறாங்க, பேப்பர்ல கோடு இழுக்கறோம், கால்ல நரம்பு இழுக்குது, கேஸ் பத்து வருஷமா இழுத்துட்டு இருக்கு, படம் கூட்டத்தை இழுக்குது. இந்த ஏழுல ஒவ்வொண்ணுக்கும் ஜெர்மன்ல ட்ஸீயனோ ட்ஸூக்கோ அந்தக் குடும்பத்து இன்னொரு வார்த்தையோ இருக்கு. ரெண்டு மொழிக்கும் உறவு எதுவும் இல்ல, மனுஷன் கை ஒரே மாதிரி இழுக்கறதால வார்த்தையும் ஒரே பக்கமா ஓடியிருக்குனுதான் எனக்குத் தோணுது.

ரயிலை முதல்ல பாத்துருவோம். ஜெர்மனியில முதல் முதலா நீராவி ரயில் ஓடினது 1835 டிசம்பர் 7, நியூர்ன்பெர்க்ல இருந்து ஃப்யூர்ட்டுக்கு, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரம். எஞ்சின் பேரு ஆட்லர், கழுகுனு அர்த்தம், இங்கிலாந்துல ஸ்டீஃபன்சன் கம்பெனி செஞ்சு அனுப்பினது, ஓட்டினவரும் வில்லியம் வில்சன்னு ஒரு இங்கிலீஷ்காரர்தான். இப்ப அந்தப் பேருக்கு வருவோம். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வண்டிங்க வரிசையா இழுபட்டுப் போறதை ஜனங்க பாத்தாங்க, அந்த மாதிரி வரிசைக்கு ஏற்கனவே ட்ஸூக்னு ஒரு பேர் இருந்துச்சு, வாகன்ட்ஸூக், அதாவது வண்டி வரிசை, ரயிலுக்கும் அந்த ட்ஸூக்ங்கற பேரே வந்துருச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்த லைன்ல ஆரம்பகாலத்துல நிலக்கரி விலை ஜாஸ்தின்னு நிறைய டிரிப் எஞ்சின் இல்லாம குதிரையைக் கட்டித்தான் ஓட்டினாங்க, தண்டவாளத்து மேல பெட்டி, முன்னாடி குதிரை. இழுப்புங்கற பேரு அப்படியே கண்ணு முன்னாடி நடந்துட்டு இருந்திருக்கு.

மத்த மொழிக்காரங்களும் இப்படித்தான் யோசிச்சிருக்காங்க. இங்கிலீஷ் ட்ரெயின்ங்கறதே பிரெஞ்சு வழியா லத்தீன்ல இழுங்கற வினையில இருந்து வந்ததுதான், செக் மொழியில விலாக், போலிஷ்ல பொச்சோங், ஹங்கேரியன்ல வொனாட், எல்லாமே இழுக்கற வேர். டேனிஷ்ல தோக், ஸ்வீடிஷ்ல தோக்னு சொல்றது ட்ஸூக்குக்கு நேரா சொந்தம். நாம தண்டவாளத்தைப் பாத்து ரயில்னோம், புகையைப் பாத்து புகைவண்டின்னோம், பெட்டி தொடர்ந்து வர்றதைப் பாத்து தொடர்வண்டின்னோம், இதுல மூணாவதுதான் ஜெர்மன்காரங்க பாத்த காட்சிக்குப் பக்கத்துல வருது.

வரிசைன்னு சொன்னேன்ல, அங்கதான் ஊர்வலமும் வருது. கோலோன் நகரத்துல வருஷா வருஷம் ஒரு திங்கக்கிழமை ஒரு பெரிய கார்னிவல் ஊர்வலம் போகும், ரோஸன்மோன்டாக்ஸ்ட்ஸூக்னு பேரு, 1823ல தொடங்கினது, அதாவது ஜெர்மனியில ரயில் வர்றதுக்கு 12 வருஷம் முன்னாடியே. அந்த ஊர் வட்டார பேச்சுல ட்ஸூக்கை ட்ஸோஹ்னு சொல்வாங்க. தெரு ஓரத்துல குழந்தைங்க பையை விரிச்சுப் பிடிச்சுட்டு நிக்கும், தூரத்துல முரசு சத்தம் கேட்டதும் "டெர் ட்ஸோஹ் க்யுட்"னு ஒரு குரல் வரும், ட்ஸூக் வருதுன்னு அர்த்தம், உடனே எல்லாரும் முன்னாடி தள்ளிட்டு வருவாங்க, வண்டிங்க மேல இருந்து மிட்டாயை வாரி வாரி எறிவாங்க. அங்க நின்னுட்டு இருக்கறவங்க மனசுல ட்ஸூக்னா ரயிலே வராது. பட்டாளம் வரிசையா போறதும் அப்படித்தான், படையெடுப்புக்கு ஃபெல்ட்ட்ஸூக், வயல்வெளியில இழுத்துட்டுப் போறது, சிலுவைப்போருக்கு க்ரொய்ட்ஸ்ட்ஸூக். ராணுவத்துலயும் தீயணைப்புத் துறையிலயும் ஒரு குறிப்பிட்ட அளவு பிரிவுக்கு ட்ஸூக்னே பேரு. இதனால ட்ஸூக்ஃப்யூரர்னா ஒரு இடத்துல பிளாட்டூன் தலைவர், ரயில்ல தலைமைக் கண்டக்டர். ரயிலை ஓட்டறவரு ட்ஸூக்ஃப்யூரர் இல்ல, லோக்ஃப்யூரர். பரீட்சையில இது ஒரு நல்ல பொறி.

பறவைங்க கதையைச் சொல்லாம விட முடியாது. ஃபோகல்ட்ஸூக்னா பறவைங்க இடம்பெயர்றது, ட்ஸூக்ஃபோகல்னா இடம்பெயர்ற பறவை. வானத்துல ஒரு கோடு இழுத்த மாதிரி வரிசையா போகும்ல, அதே ட்ஸூக்தான். ஐரோப்பாவுல ரொம்ப காலம் குளிர்காலத்துல நாரைங்க எங்க போகுதுன்னே யாருக்கும் நிச்சயமாத் தெரியாது, குளத்துக்கு அடியில தூங்குதுன்னுகூட நம்பினவங்க இருந்தாங்க. 1822ல மெக்லன்பூர்க் பக்கம் க்ளுட்ஸ்ங்கற ஊர்கிட்ட ஒரு நாரையைச் சுட்டுப் பிடிச்சாங்க, பாத்தா அதோட கழுத்துல நீளமா ஒரு அம்பு குத்தி நிக்குது, அம்பு ஆப்பிரிக்காவுல செஞ்சது. அந்த நாரை ஆப்பிரிக்காவுல அம்பு வாங்கிட்டு, அதோடயே அத்தனை தூரம் பறந்து வந்திருக்கு. நாரை எங்க போகுதுங்கறதுக்குக் கையில பிடிச்சுப் பாக்கற மாதிரி ஒரு சாட்சி அப்பதான் கிடைச்சுது. ஃபைல்ஷ்டோர்ஹ், அம்பு நாரைன்னு பேரு வச்சு, பாடம் பண்ணி, இன்னிக்கும் ரோஸ்டோக் பல்கலைக்கழகத்துல வச்சிருக்காங்க. ட்ஸூக்ஃபோகல்ங்கற வார்த்தையைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்தக் கழுத்துதான் ஞாபகம் வரும்.

காத்து, மூச்சு, புகை, குடிக்கறது, இது நாலும் ஒரே கட்டு. உள்ள இழுக்கறது. ஒரு தடவை மூச்சு இழுத்தா ஆட்டெம்ட்ஸூக். சிகரெட்ல ஒரு இழுப்பு ட்ஸூக். தண்ணியை வாயில இழுக்கறது ட்ஸூக். ஒருத்தர் சாகக் கிடக்கறாருன்னா "இன் டென் லெட்ஸ்டன் ட்ஸ்யூகன்"ல இருக்காருன்னு சொல்வாங்க, கடைசி மூச்சுங்கள்ல இருக்காரு, கடைசி ரயில்கள்ல இல்ல. நம்ம ஊர்ல "இழுத்துட்டு இருக்கு"ன்னு சொல்றதும் இதேதான், யோசிச்சா உடம்பு சிலிர்க்குது. காத்துல வர்ற ட்ஸூக்கோ அங்க ஒரு தனி விவகாரம். குளிர்காலத்துல ரெண்டு பக்கமும் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தா போதும், யாராவது கழுத்தைத் தடவிட்டு "எஸ் ட்ஸீட்"னு சொல்வாங்க, நேரா மொழிபெயர்த்தா "அது இழுக்குது", எது இழுக்குதுன்னு கேக்கக்கூடாது, காத்து வீசுது, ஜன்னலைச் சாத்துன்னு அர்த்தம். கழுத்துவலி, ஜலதோஷம் எல்லாம் இந்த ட்ஸூக்னாலதான்னு பெரியவங்க உறுதியா நம்புவாங்க. அடுப்புக்கும் உண்டு, புகைபோக்கி நல்லா காத்தை மேல இழுத்தா அதுக்கு நல்ல ட்ஸூக் இருக்குன்னு சொல்வாங்க.

டீயும் இழுக்கும். ஜெர்மன் டீ பாக்கெட்டை எடுத்துப் பாருங்க, பின்பக்கம் 3 நிமிஷத்துல இருந்து 5 நிமிஷம் "ட்ஸீயன் லாஸன்"னு போட்டிருக்கும், இழுக்க விடு. நாம சாயம் இறங்கட்டும்னு சொல்வோம், அவங்களுக்கு இலையில இருந்து தண்ணி சாரத்தை இழுக்குது. ஒரே டம்ளர், பார்வை வேற.

இந்த இன் ட்ஸ்யூகன் விஷயத்துல ஒரு சிலேடை இருக்கு, ஜெர்மன் பேசற எல்லாருக்கும் தெரியும். "இன் ஃபொல்லன் ட்ஸ்யூகன் கெனீஸன்"னா முழு முழு மடக்கா ரசிச்சு அனுபவிக்கறது, அதாவது எதையாவது திகட்டத் திகட்ட அனுபவிக்கறது. ஆனா அதே சொற்களை எழுத்து மாத்தாம நிரம்பி வழியற ரயில்கள்லன்னும் படிக்கலாம். 2022 ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் 9 யூரோவுக்கு மாசம் பூரா நாடு முழுக்க லோக்கல் ரயில், பஸ்ல போகலாம்னு டிக்கெட் விட்டாங்க, மொத்தம் 5 கோடிக்கு மேல வித்துச்சு. கடலோர ஊருங்களுக்குப் போற ரயில்ல சைக்கிளும் குழந்தை வண்டியும் கதவு வரைக்கும் அடைச்சு நின்னப்ப, பயணத்தை இன் ஃபொல்லன் ட்ஸ்யூகன் அனுபவிங்கன்னு சொன்னா ரெண்டு அர்த்தமும் ஒண்ணாவே நிஜம்.

இப்ப செஸ். காயை நகர்த்தறதுக்கும் அங்க ட்ஸீயன்தான், ஒரு நகர்வு ஒரு ட்ஸூக். யார் முறைங்கறதைச் சொல்ல "டு பிஸ்ட் ஆம் ட்ஸூக்", நீ இப்ப நகர்த்தற இடத்துல இருக்க. இதுல இருந்து உலகம் முழுக்கப் போன ஒரு வார்த்தை ட்ஸூக்ட்ஸ்வாங். ட்ஸ்வாங்னா கட்டாயம். சென்னையில செஸ் கிளாஸ் போற பசங்களுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாட்டியும் இது தெரியும், ஆனா என்னான்னு கேட்டா சில பேர் மாட்டிக்கிட்ட நிலைமைன்னு பொதுவா சொல்லிருவாங்க. அது போதாது. சரியான அர்த்தம் இதுதான்: உன் முறையை நீ விட்டுக்கொடுக்க முடிஞ்சா உனக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா விதிப்படி நீ ஏதாவது ஒண்ணை நகர்த்தியே ஆகணும், நகர்த்தினா கெட்டுச்சு.

போர்டு இருந்தா வச்சுப் பாருங்க, மூணே காய் (கட்டத்துப் பேர்ல எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). வெள்ளை ராஜா சி6ல, வெள்ளை சிப்பாய் டி7ல, கறுப்பு ராஜா டி8ல சிப்பாய்க்கு நேரா எதிர்ல. இப்ப கறுப்போட முறைன்னா என்ன செய்ய முடியும்? சி8லயும் இ8லயும் சிப்பாய் குத்தும், சி7யையும் டி7யையும் வெள்ளை ராஜா பாத்துட்டு இருக்காரு, மிச்சம் இருக்கறது இ7 ஒண்ணுதான். அங்க போனதும் வெள்ளை ராஜா சி7க்கு வந்துருவாரு, அடுத்த நகர்வுல சிப்பாய் ராணி ஆகறதைத் தடுக்க ஆளே இல்ல. அதே மூணு காயை அப்படியே வச்சுட்டு வெள்ளையோட முறைன்னு நினைச்சுப் பாருங்க, சிப்பாயால முன்னாடி போக முடியாது, ராஜா டி6க்கு வந்தா கறுப்புக்கு நகர இடமே இல்லாம ஆட்டம் டிரா, வேற எங்க போனாலும் சிப்பாயை வெட்டிருவாங்க. காய் ஒண்ணுகூட மாறல, யார் முறைங்கறது மட்டும்தான் மாறிச்சு. இதுக்குப் பேருதான் ட்ஸூக்ட்ஸ்வாங். 1923ல கோபன்ஹேகன்ல ஸேமிஷும் நிம்சோவிச்சும் ஆடின ஒரு ஆட்டம் இந்தப் பேராலயே பிரபலம், போர்டுல அத்தனை காய் இருந்தும் ஸேமிஷ்கிட்ட உருப்படியா நகர்த்த ஒண்ணு இல்லாமப் போச்சு. ஜெர்மன் செய்தித்தாள்ல இப்ப அரசியலுக்கும் இந்த வார்த்தையைப் போடறாங்க, ஏதாவது செஞ்சே ஆகணுங்கற நெருக்கடி.

நகர்வுங்கறதுல இருந்து "ட்ஸூக் உம் ட்ஸூக்"னு ஒண்ணு வரும், ஒவ்வொரு அடியாங்கறது சாதாரண அர்த்தம். சட்டத்துல இதுக்குத் தனி அர்த்தம், 1900 ஜனவரி 1ல அமலுக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டத்துலயே இருக்கு, நீ ஒரு கையில கொடு, நான் ஒரு கையில கொடுக்கறேன், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும். ரயில் பாதை போட்டு விளையாடற ஒரு போர்டு கேம், ஆலன் மூன் உருவாக்கினது, 2004ல ஜெர்மனியோட வருஷத்து விளையாட்டு விருது வாங்கினது, அதுக்கு ஜெர்மன்ல வச்ச பேரே ட்ஸூக் உம் ட்ஸூக்தான், முறை மாத்தி முறை, ரயிலுக்குப் பின்னாடி ரயில், ரெண்டுமே பொருந்துது.

கோடு இழுக்கறதுல இருந்து முகம் வருது. பேனாவால ஒரு இழுப்பு இழுத்தா ஃபேடர்ட்ஸூக். முகத்துல இருக்கற சாயல், அதாவது யாரோ கோடு இழுத்து வரைஞ்ச மாதிரி இருக்கற அமைப்பு, கெஸிஹ்ட்ஸ்ட்ஸூக். அங்க இருந்து குணத்துக்கும் போயிருச்சு, காரக்டர்ட்ஸூக்னா ஒருத்தரோட குணத்துல தெரியற ஒரு கீற்று.

இடப் பேரு ரெண்டு. ஸ்விட்சர்லாந்துல ட்ஸூக்னே ஒரு ஊர் இருக்கு, ஏரிக்கரை ஊர், அந்தப் பேரு மீன்வலை இழுக்கற உரிமையில இருந்து வந்ததுன்னு விளக்கம் சொல்றாங்க, அந்த ஊருக்குப் போற ரயில் ட்ஸூக் நாஹ் ட்ஸூக். ஜெர்மனியோட உயரமான மலை ட்ஸூக்ஷ்பிட்ஸெ, 2962 மீட்டர், ஆஸ்திரியா எல்லையில. அது மேல 1930ல இருந்து பல்சக்கர ரயில் போறதால ரயில்மலைன்னு சில பேர் நினைச்சுக்கறாங்க, அது தப்பு. ஜோசஃப் நவுஸ்ங்கறவர் 1820லயே அந்த உச்சியில ஏறிட்டாரு, அப்ப ஜெர்மனியில ரயிலே கிடையாது. பனிச்சரிவு இறங்கி இறங்கி மலைச்சரிவுல இழுத்த பாதைங்களுக்கும் ட்ஸூக்னு பேரு, மலைக்குப் பேரு அதுல இருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க.

கொஞ்சம் பழங்கதை. இந்த வேர் ஜெர்மனுக்கு மட்டும் சொந்தம் இல்ல. லத்தீன்ல டூகெரேன்னு ஒரு வினை, அர்த்தம் நடத்திட்டுப் போ. ஜெர்மானிய மொழிங்க பிரிஞ்சு வந்தப்ப டகரம் மாறி தடிச்ச ட் ஆச்சு, அப்புறம் தெற்கு ஜெர்மன்ல மட்டும் அது இன்னொரு தடவை மாறி ட்ஸ் ஆச்சு. இதை நம்ப ஒரு சோதனை பண்ணிப் பாருங்க, பல் டாக்டரை டென்டிஸ்ட்னு சொல்றோம், அது லத்தீன் பல்லு, இங்கிலீஷ் பல்லு டூத், ஜெர்மன் பல்லு ட்ஸான். பத்துக்கு லத்தீன் டெகெம், இங்கிலீஷ் டென், ஜெர்மன் ட்ஸேன். இந்த மாற்றத்தை ஒழுங்கா விதியா எழுதினவரு யாக்கோப் கிரிம், 1822ல, தேவதைக் கதை சேத்த அதே கிரிம் சகோதரர். அவங்க ஆரம்பிச்ச ஜெர்மன் அகராதிக்கு முதல் தொகுதி 1854ல வந்துச்சு, 1863ல யாக்கோப் இறக்கும்போது எஃப் எழுத்துல, பழம்னு அர்த்தம் வர்ற ஃப்ருஹ்ட் வரைக்கும்தான் வந்திருந்தாங்க, வேலை முடிஞ்சது 1961. ட்ஸூக் கடைசி எழுத்துல வர்றதால அதை எழுதற வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்ல, எனக்கு அது ஒரு வருத்தம்தான்.

அந்த லத்தீன் டூகெரே வழியா நமக்கு வந்த சொந்தக்காரங்களைப் பாருங்க. பஸ்ல டிக்கெட் கொடுக்கற கண்டக்டர், படம் எடுக்கற புரொடியூசர், ரெண்டு பேருக்குள்ளயும் டூகெரே இருக்கு. இன்னொரு பக்கம் இங்கிலீஷ் வழியா வந்த டீம், முதல்ல ஒண்ணா கட்டின இழுவை மாடு, குதிரைங்களுக்கு வச்ச பேரு, அதுவும் இதே வேர்தான். அதனால கண்டக்டர், டீம், ட்ஸூக் மூணும் தூரத்துப் பங்காளிங்க. ஜெர்மன்ல குழந்தை வளர்ப்புக்கு எர்ட்ஸீயுங்னு பேரு, அதுலயும் இழுக்கறதுதான் உள்ள இருக்கு, கடிவாளத்துக்கு ட்ஸ்யூகல், பிரபுவுக்கு ஹெர்ட்ஸோக், பட்டாளத்தை முன்னாடி இழுத்துட்டுப் போறவன்.

முன்னொட்டு சேந்தா இன்னும் விரியும். இதை நான் நல்லா புரிஞ்சுக்கிட்டது வீடு மாத்தினப்பதான். பழைய வீட்டைக் காலி பண்றது அவுஸ்ட்ஸூக், சாமானை எடுத்துட்டுப் போறது உம்ட்ஸூக், புது வீட்டுக்குக் குடி போறது ஐன்ட்ஸூக். அங்க லிஃப்ட் இருக்கான்னு கேட்டேன், லிஃப்டுக்கு அவுஃப்ட்ஸூக், மேல இழுக்கறது. தடிச்ச போர்வைக்கு மேல இழுத்து மாட்டற உறை பெட்பெட்ஸூக். கடைசியில பெட்டியில இருந்து எடுத்து மாட்டி வச்சது கோட்டு சூட்டு, அது ஆன்ட்ஸூக், உடம்பு மேல இழுத்துப் போட்டுக்கறது. சாயங்காலம் பெயின்ட் வாசனை போகட்டும்னு ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து வச்சேன், குறுக்கால காத்து வந்துச்சு, அது டூர்ஹ்ட்ஸூக். ஒரே நாள்ல ஏழு ட்ஸூக், ரயில் ஏறவே இல்ல.

எல்லாமே இப்படி நேரா வராது, அதையும் சொல்லிடறேன். ஆப்ட்ஸூக்னா வெளிய இழுக்கறது, ஆனா அதுக்கு சம்பளத்துல பிடித்தம், துப்பாக்கி விசை, போட்டோ பிரின்ட், பட்டாளம் பின்வாங்கறது, அடுப்புக்கு மேல புகை இழுக்கற கருவின்னு அத்தனையும் இருக்கு, பக்கத்துல இருக்கற வார்த்தையை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ஃபெர்ட்ஸூக் இன்னொண்ணு, இழுத்தடிப்பு, தாமதம். பணம் கட்ட தேதி தாண்டிட்டா நீங்க ஃபெர்ட்ஸூக்ல இருக்கீங்க. "கெஃபார் இம் ஃபெர்ட்ஸூக்"னு ஒரு தொடர், 1949 ஜெர்மன் அரசியலமைப்புச் சட்டத்துலயே பதிமூணாவது பிரிவுல இருக்கு, நீதிபதி உத்தரவு இல்லாம வீட்டைச் சோதனை போடறது எப்பன்னு சொல்ற இடத்துல. ஆபத்து வந்துட்டு இருக்குன்னு நிறைய ஜெர்மன்காரங்களே நினைச்சுப் பேசறாங்க, சரியான அர்த்தம் அது இல்ல, இழுத்தடிச்சா ஆபத்து, தாமதம் பண்ணினா காரியம் கெட்டுப்போகும்னு அர்த்தம். இழுன்னு வேரைப் பிடிச்சவங்களுக்கு இந்தக் குழப்பம் வராது.

கடைசியா ஒரு எச்சரிக்கை. ட்ஸூக்னு ஆரம்பிக்கற எல்லா வார்த்தையும் இந்தக் குடும்பம் இல்ல. ட்ஸூ-ன்னு ஒரு சின்ன வார்த்தை இருக்கு, அர்த்தம் நோக்கி, கூட. அதுக்குப் பின்னாடி ககர எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை வந்து ஒட்டிட்டா பாக்க ட்ஸூக் மாதிரியே இருக்கும். ட்ஸூகாங், நுழைவு, அதை ட்ஸூ, காங்னு பிரிக்கணும், உள்ள நோக்கிப் போறது. அதே மாதிரி கச்சேரி முடிஞ்சு விளக்கு அணையப் போற நேரத்துல ஜனங்க எழுந்து நின்னு கைதட்டிட்டே "ட்ஸூகாபெ, ட்ஸூகாபெ"ன்னு கத்துவாங்க, அங்க இழுக்கற வேலை எதுவும் இல்ல, ட்ஸூ கூட காபெ, காபென்னா கொடுக்கறது. இன்னும் ஒரு பாட்டு கூடக் கொடுங்கன்னு கேக்கறாங்க.